மலைக்கு எந்தக் காலணி? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் கோவையைச் சுற்றியுள்ள மலைகளுக்கும், முடிந்தால் ஆண்டுக்கு ஒருமுறை இமயமலைக்கும் நண்பர்களோடு போய்வருகிறவன் நான். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது கைப்பேசி ஓயாமல் அடிக்கும். ரயில் டிக்கெட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காலில் எதை மாட்டுவது என்பதுதான் எல்லோருடைய கவலையும். ஒரே பதிலை இருபது பேருக்குச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

மலையேறுவதற்கென்று தனியாக ஷூ வாங்கியே தீரவேண்டுமா? வீட்டில் இருப்பது போதாதா?

பெரும்பாலும் போதும். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் நடை, பலர் நடந்து பழகிய பாதை, முதுகில் தண்ணீரும் கட்டுச்சோறும் மட்டும் என்றால், ஓடுவதற்கு வாங்கிய ஷூவே தாராளம். அதை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பெருவிரலுக்கு அடியிலும் குதிகாலின் வெளிவிளிம்பிலும் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தால் அது மலைக்கு ஆகாது, கடைத்தெருவுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று நாள் நடை, முதுகில் எட்டு பத்து கிலோ சுமை, கல்லும் வேருமான காட்டுப்பாதை என்று வரும்போது தனி ஷூ தேவைப்படும். முதல் மலையை இருக்கிற ஷூவிலேயே ஏறுங்கள். மறுபடியும் போகத் தோன்றினால் வாங்குங்கள். பலருக்கு முதல் இறக்கத்திலேயே அந்த ஆசை தீர்ந்துவிடுகிறது.

வெள்ளியங்கிரியில் எத்தனையோ பேர் வெறுங்காலில் ஏறுகிறார்களே, எனக்கு மட்டும் ஷூ எதற்கு?

வேண்டுதலாக ஏறுகிறவரிடம் நான் வாதம் செய்வதில்லை. ஆனால், வெறுங்கால் நடை ஒரே நாளில் வருவதல்ல. சிறுவயதிலிருந்தே செருப்பில்லாமல் தோட்டத்திலும் காட்டிலும் நடந்தவரின் உள்ளங்கால் தோல் தடித்திருக்கும். பாதத்தின் சிறு தசைகள் உரமேறியிருக்கும். ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் ஷூவுக்குள் வைத்திருந்த பாதத்தை ஏழு மலைக்கு இறக்கிவிட்டால், மூன்றாவது மலையிலேயே அது கேள்வி கேட்கும். பிப்ரவரி முதல் மே வரைதான் அங்கே ஏற விடுகிறார்கள். கோடையின் பிற்பகலில் இறங்கும்போது பாறை எப்படிக் காய்ந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

வெறுங்காலில் ஏறுவதென்றே முடிவெடுத்தவர்கள், பின்பட்டை உள்ள சாண்டல் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: பூண்டி அடிவாரத்தில் விற்கிறார்களே, அந்த மூங்கில் கம்பு, அதை வாங்காமல் ஏறாதீர்கள். இறங்கும்போது முழங்காலுக்கு அது செய்யும் உதவியை எந்த விலையுயர்ந்த ஷூவும் செய்யாது.

கடையில் மூன்று நான்கு வகை காட்டுகிறார்கள். எனக்கு எது?

எடையை வைத்துப் பிரித்தால் குழப்பம் குறையும். கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கான ஷூ ஜோடி அரைக் கிலோவிலிருந்து எழுநூறு கிராம் வரை இருக்கும். கணுக்காலுக்குக் கீழே நின்றுவிடும் நடை ஷூ அதைவிடச் சற்றுக் கூடுதல். கணுக்காலை மூடும் நடுத்தர பூட்ஸ் ஒரு கிலோ அளவில். முழுத்தோலில் செய்த கனத்த பூட்ஸ் ஒன்றரைக் கிலோவைத் தொடும்.

பாதத்தில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறிகளின் பழைய கணக்கு. நடப்பவரின் மூச்சை அளந்து செய்த சோதனைகளிலும் ஏறத்தாழ அதே விகிதம்தான் வந்தது. காரணம் எளிது: முதுகுச் சுமை ஒரே உயரத்தில் நகர்கிறது, பாதத்துச் சுமையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி இறக்க வேண்டும். ஒரு நாளில் இருபதாயிரம் அடி வைக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் மீதியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரிரு நாள் நடைகளுக்கு முதல் இரண்டு வகையே என் தேர்வு. கூடாரம், அடுப்பு, ஐந்து நாள் அரிசி பருப்பு என்று சுமந்துகொண்டு சரளைக்கல் சரிவில் நடக்கிறவருக்கு மூன்றாவது வகை. நான்காவது பெரும்பாலானோருக்குத் தேவையே இல்லை.

கணுக்காலை மூடிய பூட்ஸ் போட்டால் கால் சுளுக்காது என்கிறார்களே?

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. நடுத்தர பூட்ஸின் மேற்பகுதி மெத்தென்ற துணி. உடம்பின் முழு எடையும் பக்கவாட்டில் சாயும்போது அது தாங்கிப்பிடிக்காது. பாதம் சாய்வதைக் குறைப்பது அடிப்பாகத்தின் விறைப்பு. ஷூவின் முனையையும் குதிகாலையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுக்கிக்கொண்டால் கல் நிறைந்த பாதையில் பாதமும் அப்படித்தான் முறுக்கும்.

நான் பார்த்த சுளுக்குகளில் பெரும்பாலானவை மாலையில், இறக்கத்தில், ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று பேசிக்கொண்டே வேகமாக நடந்தபோது வந்தவை. களைத்த தசைக்கு எந்த பூட்ஸும் மாற்றாகாது. உயரமான பூட்ஸால் வேறு நன்மைகள் உண்டு: உள்ளே கல்லும் முள்ளும் விழாது, கணுக்கால் எலும்பு பாறையில் இடிபடாது.

என் சைஸ் 8. மலை ஷூவிலும் 8 வாங்கினால் போதும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷூ வாங்குகிற எல்லோரும் ஏற்றத்தை நினைத்தே வாங்குகிறார்கள். காலைப் பதம்பார்ப்பது இறக்கம். இறங்கும்போது பாதம் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் சறுக்கி விரல் நுனியில் இடிக்கும். மூன்று மணி நேரம் இடித்தால் நகம் கறுக்கும். அதனால் மலை ஷூவில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்கு வழக்கமான எண்ணைவிட அரை எண் கூடுதலாகவும் சிலருக்கு ஓர் எண் கூடுதலாகவும் தேவைப்படும்.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுவதும் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும்; மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி விரல்கள் முனையைத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸ் கட்டிக்கொண்டு கடைப் படிக்கட்டில் நான்கு முறை ஏறி இறங்குங்கள். ஏறும்போது குதிகால் எழும்பக் கூடாது. இறங்கும்போது விரல் இடிக்கக் கூடாது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பவர் குறைவு. பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். சிறியதற்கு உள்ளே ஒரு மெல்லிய அட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணைப் பார்க்கும்போது அது எந்த நாட்டு எண் என்றும் பாருங்கள். நம் கடைகளில் 8 என்பது பிரிட்டன் கணக்கு. ஆண்கள் ஷூவில் அதுவே அமெரிக்கக் கணக்கில் 9, ஐரோப்பியக் கணக்கில் ஏறத்தாழ 42.

நீளம் சரியாக இருக்கிறது, ஆனால் சுண்டுவிரல் பக்கம் நெரிக்கிறது. ஓர் எண் பெரிதாக வாங்கலாமா?

வேண்டாம். நீளம் கூடினால் ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் பொருந்தாமல் போய்விடும். குதிகாலும் ஆட ஆரம்பிக்கும். உங்களுக்குத் தேவை அகலமான அச்சில் செய்த ஷூ. இந்தக் குறை உங்கள் பாதத்தில் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களின் ஷூக்கள் பெரும்பாலும் வேறு ஊர்ப் பாதத்துக்கான அச்சில் வார்க்கப்பட்டவை. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம்முடையவை பொதுவாக அகலம் என்று தெரிந்தது. ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென ஓர் அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. அது எல்லாக் கடைகளுக்கும் வந்து சேரும்வரை, உள்ளிருக்கும் அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் வெறுங்காலோடு நின்று பாருங்கள். பாதம் அட்டையின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைக்கிறோம். நம் காலுக்குப் பொருந்துவதைத் தேடி அலைகிறோம். சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

தண்ணீர் புகாத ஷூதான் நல்லதா? விலை இரண்டாயிரம் ரூபாய் அதிகமாக இருக்கிறது.

பனிக்கு நல்லது, அதிகாலைப் புல் ஈரத்துக்கு நல்லது. நம் ஊர் மழைக்கு நான் வாங்கமாட்டேன். அந்த ஷூக்களின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் நுண்துளை வழியே நீராவி வெளியேறும், நீர்த்துளி நுழையாது. உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்று வறண்டு குளிர்ந்திருந்தால்தான் ஆவி வெளியேறும். ஜூலை மாதத்து வால்பாறையில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். வியர்வை எங்கே போகும்?

பெருமழையில் தண்ணீர் ஷூவைத் துளைத்து வருவதில்லை, காலுறை வழியாக மேலிருந்து இறங்குகிறது. முழங்கால் ஆழ ஓடையில் இறங்கினாலும் அதே கதை. உள்ளே போன நீரை வெளியே விடாமல் அந்தச் சவ்வு பத்திரமாகக் காத்து வைத்திருக்கும். வலைத்துணி ஷூவோ நனைந்த வேகத்திலேயே வடிந்து, ஒரு மணி நேர வெயிலில் பாதி காய்ந்துவிடும். அந்த இரண்டாயிரத்தில் நல்ல சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள்.

அட்டைக் கடிக்கு எந்த ஷூ?

எந்த ஷூவும் இல்லை. லேஸ் துளை வழியாகவும், சாக்ஸின் பின்னல் இடைவெளி வழியாகவும் அது நுழைந்துவிடும். இதற்கென்று நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால் வரை தைத்த அட்டை உறை கிடைக்கிறது. சாதாரண சாக்ஸுக்கு மேல் அதைப் போட்டு, பேன்ட்டை உள்ளே செருகி, முழங்காலுக்குக் கீழே நாடாவை இறுக்கினால் போதும். வெளிர் நிறத்தில் வாங்கினால் ஏறிவரும் அட்டை கண்ணில் படும்.

உப்பு, புகையிலைத் தண்ணீர், சோப்பு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாமே கொஞ்ச நேரம் வேலை செய்யும், மழையில் கரைந்துவிடும். கடித்த அட்டையைத் தீயால் சுட வேண்டாம். அதன் வாய்ப்பக்கத்தில் நகத்தைச் செருகித் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருப்பதால் காயம் சிறிது நேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை.

புது ஷூவாக இருந்தும் ஈரப் பாறையில் வழுக்கிவிட்டது. ஏன்?

சோலின் பற்கள் மண்ணுக்கும் சேற்றுக்கும் உரியவை. பாறையில் பிடிப்பது ரப்பரின் மென்மை. கெட்டியான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரப் பாறையில் கண்ணாடிமேல் வைத்ததுபோல் நழுவும். நகத்தால் அழுத்திப் பாருங்கள்: சற்று உள்வாங்கினால் நல்லது. சேற்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள, இடைவெளிவிட்ட பற்கள் வேண்டும். நெருக்கமான பற்களில் சேறு அப்பிக்கொண்டு அடி மொழுக்கென்று ஆகிவிடும். பாசி படிந்த கல்லில் எந்த ரப்பரும் நிற்காது. அங்கே கம்பும் நிதானமும்தான்.

இந்த ரப்பர் சோலுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விபத்தில் தோழர்கள் ஆறு பேரை இழந்தார் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி. அந்நாளைய காலணிகளின் போதாமையும் அதற்கு ஒரு காரணம் என்று கருதி, ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோலை 1937இல் உருவாக்கினார். அவருடைய பெயரின் சுருக்கம்தான் இன்று பல பூட்ஸ்களின் அடியில் தெரியும் ‘விப்ரம்’.

ஒவ்வொரு முறையும் கொப்புளம் வருகிறது. ஷூவை மாற்றவேண்டுமா?

முதலில் சாக்ஸை மாற்றுங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. ஈரத் தோல் ஊறி மென்மையாகும். உராயும்போது தோலின் அடுக்குகள் பிரிந்து நீர் கோத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை சாக்ஸ் வாங்குங்கள். நம் வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிக்க வேண்டாம். மெல்லியதாகக் கிடைக்கிறது, நாற்றமும் குறைவு. உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது என்று இரண்டு போட்டால் உராய்வு சாக்ஸுக்கும் சாக்ஸுக்கும் இடையே நடந்துவிடும். அதற்கு ஷூவில் இடம் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கொப்புளம் சொல்லாமல் வருவதில்லை. அரை மணி முன்பே அந்த இடம் சூடாக, எரிச்சலாகத் தெரியும். குழுவை நிறுத்தச் சங்கடப்பட்டுக்கொண்டு நடப்பவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். அப்போதே உட்கார்ந்து, காலைத் துடைத்து, மருந்துக்கடைப் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுங்கள்.

நாளை மறுநாள் கிளம்புகிறோம், இன்றுதான் ஷூ வாங்கினேன். பரவாயில்லையா?

துணி ஷூ என்றால் பரவாயில்லை. இன்றிலிருந்து வீட்டிலும் மாடிப்படியிலும் போட்டுக்கொண்டே திரியுங்கள். தோல் பூட்ஸ் என்றால் பழைய ஷூவில் போங்கள். தோல் உங்கள் பாதத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இறங்கி வந்ததும் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அளவு சரியாகத்தான் வாங்கினேன்.

அளவு சரியாக இருந்தும் லேஸ் தளர்ந்திருந்தால் இதுவே நடக்கும். ஏறும்போது லேஸ் சற்றுத் தளர்வாக இருக்கலாம். உச்சியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதே அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்: குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் தள்ளி, கணுக்கால் மடிப்பில் லேஸை இரண்டு முறை முறுக்கி இறுக்கி, அதற்கு மேல் வழக்கம்போல். அந்த இரட்டை முறுக்கு பாதத்தை முன்னால் போகவிடாது. பல ஷூக்களில் கடைசியாக ஒரு துளை கூடுதலாக இருப்பதும் இதற்குத்தான். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிக்கொள்ளுங்கள். கறுத்த நகம் விழுந்து புதிதாக முளைக்கப் பல மாதம் ஆகும். துடிக்கும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ கெட்டியாக இருக்கிறதே, அதைப் போட்டு வரலாமா?

வேண்டாம். முனையில் இரும்புத் தொப்பி இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன இடி, துணியில் படாமல் இரும்பில் படும். எடைக் கணக்கைத்தான் முன்பே பார்த்தோம்.

கேதார்கந்தா போகிறோம், டிசம்பரில். இங்கே போடும் ஷூவே போதுமா?

போதாது. அது உத்தராகண்டிலுள்ள இமயமலைச் சிகரம், அங்கே கணுக்காலுக்கு மேல் பனி இருக்கும். தண்ணீர் புகாத, கணுக்காலை மூடிய பூட்ஸுக்கு உண்மையான வேலை அங்கேதான். உள்ளே பனி விழாமல் முழங்கால் வரை மூடும் உறையும், இறுகிய பனியில் வழுக்காமலிருக்க ஷூவுக்கு மேல் மாட்டும் இரும்புப் பற்களும் தேவைப்படும். இரண்டையும் வாங்க வேண்டியதில்லை, அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும். குளிருக்குப் பயந்து மூன்று சாக்ஸ் திணிக்காதீர்கள். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும்.

லடாக்கில் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின்மேல் நடக்கும் சாதர் பயணத்தில் பலர் அணிவது சாதாரண கம்பூட். பனிக்கட்டிக்கு மேல் தண்ணீர் ஏறும் இடங்களில் அதுதான் உதவுகிறது. பாதைக்கு ஏற்ற காலணி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பர்வதமலைக்கு அழைத்துப்போக ஆசை. என்ன ஷூ வாங்கித்தரலாம்?

ஷூவுக்கு முன்னால் மருத்துவர். சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போயிருந்தால் கல் குத்துவதோ கொப்புளம் உடைவதோ தெரியாது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையிலேயே இது தெரிந்துவிடும். அவர் சம்மதித்தால், விரல் பக்கம் அகலமான, உள்தையல் உறுத்தாத, ஏற்கெனவே பழகிய ஷூ. மாட்டுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். ஒவ்வோர் இளைப்பாறலிலும் சாக்ஸைக் கழற்றி நீங்களே பார்க்க வேண்டும், ‘ஒன்றுமில்லை’ என்று அவர் சொன்னாலும். வெறுங்கால் மட்டும் கூடாது.

நான்கு வருடமாகப் பெட்டியிலேயே இருக்கும் நல்ல பூட்ஸ். தைரியமாகப் போடலாமா?

நானும் அப்படித்தான் தைரியமாகப் போட்டேன். ஆசையாக வாங்கி, அதிகம் போடாமல் வைத்திருந்த ஜோடி. குரங்கணியிலிருந்து ஏற ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் பின்னால் வந்த நண்பர், “உங்கள் ஷூவிலிருந்து ஏதோ உதிர்கிறது” என்றார். திரும்பிப் பார்த்தால் பாதை நெடுக ரஸ்க் தூள் மாதிரி கிடந்தது.

பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரம் அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். போடாமல் மூடி வைத்தால் சிதைவு குறையாது. புழுக்கமான அலமாரியில் கூடவும் செய்யும். எனவே பெட்டியைத் திறந்து நடு அடுக்கைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். விரிசல் தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஊருக்குள் பத்து கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு மலைக்குக் கொண்டுபோங்கள்.

நனைந்த ஷூவை அடுப்புப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயுமே?

காயும். பசையும் இளகும், தோலும் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஊறியதும் மாற்றி, நிழலில் காற்றாட வையுங்கள்.

நடு வழியில் சோல் பிய்ந்துவிட்டால்?

ஷூவைக் கழற்றாமல், சோலைப் பொருத்திவைத்து, நடுப்பாதத்தைச் சுற்றித் துணிப்பட்டை ஒட்டுநாடாவை நான்கைந்து சுற்று இறுக்குங்கள். தண்ணீர் பாட்டிலைச் சுற்றிக் கொஞ்சம் நாடாவை எப்போதும் வைத்திருந்தால் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. நாடா இல்லையென்றால் லேஸோ கயிறோ, பற்களின் பள்ளத்தில் பதியும்படி குறுக்காக. கற்களில் அது தேயும். மணிக்கு ஒருமுறை மாற்றிக் கட்ட வேண்டும்.

குரங்கணியில் என்னைக் கீழே இறக்கியது கூடாரக் கயிறு. ஊருக்கு வந்ததும் பஸ் நிலையத்து வாசலில் செருப்புத் தைப்பவரிடம் காட்டினேன். அவர் நுரையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “இதில் ஊசி நிற்காது சார், வேறு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். பிய்ந்தது ஓரம் மட்டும் என்றால், சுற்றிலும் மெழுகு நூலில் தைத்துத் தரச் சொல்லுங்கள். வெறும் பசையைவிடப் பல மடங்கு தாங்கும். புது ஷூவுக்கே இப்படித் தைத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறவர்களும் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.